செயின் ஏன் உரசுகிறது?

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். டீ போட்டு வைத்துக்கொண்டு உட்காருங்கள்.

மகள் வயிற்றுப் பேரன் கோடை விடுமுறைக்கு வந்திருக்கிறான். ஒன்பதாம் வகுப்பு முடித்தவன். கூடவே பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வந்தது ஒரு கியர் சைக்கிள். பெடல் பக்கம் மூன்று பல்சக்கரம், பின்சக்கரத்தில் ஏழு. மூவேழு இருபத்தொன்று. ஏறி மிதித்தால் கர்ர் கர்ர் என்று செயின் எதிலோ உரசுகிறது. ஊரில் ஒரு கடையில் காட்டியிருக்கிறான். "கியர் வண்டின்னா சத்தம் வரத்தான் தம்பி செய்யும், இல்லேன்னா செட்டையே மாத்தணும்" என்று சொல்லி ஒரு பெரிய தொகையும் சொன்னார்களாம். பையன் முகம் வாடிப்போய் வந்திருந்தான்.

நான் ஓட்டியதெல்லாம் கறுப்பு சைக்கிள்தான். முப்பது வருஷம் பள்ளிக்கூடம் போய்வந்தது அதில்தான். அதிலும் செயின் உரசும். செயின் தொய்ந்து செயின் கவரில் அடிக்கும். பின்சக்கர நட்டைத் தளர்த்தி, சக்கரத்தைப் பின்னால் இழுத்து முறுக்கினால் தீர்ந்தது. அங்கே முன்னால் ஒரு பல்சக்கரம், பின்னால் ஒன்று. செயின் நூல் பிடித்ததுபோல நேராக ஓடும். பேரனின் வண்டி அப்படி இல்லை. இரண்டு நாள் அதைப் பற்றியே படித்தேன். படித்ததில் சைக்கிளைவிட மனிதர்களைப் பற்றித்தான் அதிகம் தெரிந்துகொண்டேன். அதனால்தான் இந்தப் பதிவு.

செயின் என்பது நேராக ஓடுவதற்காகவே பிறந்த பொருள். இன்று நாம் பார்க்கும் உருளை வைத்த செயினை 1880-இல் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் ஹான்ஸ் ரெனால்ட் என்பவர் உருவாக்கினார். 1885-இல் கோவென்ட்ரி நகரத்து ஜான் கெம்ப் ஸ்டார்லி, இரண்டு சக்கரமும் ஏறக்குறைய ஒரே அளவு, பின்சக்கரத்துக்குச் செயின் என்று ரோவர் சைக்கிளைக் கொண்டுவந்தார். நம் கறுப்பு சைக்கிளுக்குக் கொள்ளுத்தாத்தா அதுதான். சமதரையில் அருமையாகப் போகும். மேடு வந்தால் இறங்கித் தள்ள வேண்டும்.

பிரான்ஸ் நாட்டில் சான்-எத்தியேன் என்று ஒரு ஊர். சுற்றிலும் மலை. அங்கே பட்டு வியாபாரம் செய்துகொண்டிருந்தவர் பால் த விவி. 1853-இல் பிறந்தவர். வெலோசியோ என்ற புனைபெயரில் சைக்கிளுக்கென்றே ஒரு பத்திரிகை நடத்தினார். சைவ உணவுக்காரர் என்பதையும் சொல்லிவிடுகிறேன், நம் வீட்டில் சிலருக்குச் சந்தோஷமாக இருக்கும். மேட்டுக்கு ஒரு பல்சக்கரம், சமதரைக்கு ஒரு பல்சக்கரம் இருந்தால் என்ன என்று அவர் யோசித்தார். முன்னால் இரண்டு பல்சக்கரம் வைத்தார். மேடு வந்தால் இறங்கி, செயினைக் கையாலேயே தூக்கி மற்றதில் மாட்டுவார். கையெல்லாம் கிரீஸ். ஆனால் ஏறிவிடுவார். பிறகு அவரைச் சுற்றியிருந்தவர்கள் ஓடும்போதே செயினைத் தள்ளி மாட்டும் கருவிகளைச் செய்து பார்த்தார்கள். அந்தக் கருவிக்கு டிரெய்லியர் என்று பெயர். ரயில் தடம் புரள்வதற்குப் பிரெஞ்சுக்காரர்கள் சொல்லும் சொல்லிலிருந்து வந்தது. செயினை வேண்டுமென்றே தடம் புரளவைத்து அடுத்த தடத்தில் ஏற்றும் வேலை அல்லவா, பொருத்தமான பெயர்தான்.

இதற்கு எதிர்ப்பு வந்த இடம் வேடிக்கையானது. டூர் டி பிரான்ஸ் பந்தயத்தை 1903-இல் தொடங்கிய ஆன்ரி டெக்ராஞ்ச். அவரும் பத்திரிகைக்காரர்தான். கியர் எல்லாம் நாற்பத்தைந்து வயது தாண்டியவர்களுக்கு, இளைஞன் தசை பலத்தால் ஜெயிக்க வேண்டும் என்ற பொருளில் பந்தயம் தொடங்குவதற்கு முந்தைய வருஷமே எழுதிவிட்டார். சொன்னதோடு நிற்கவில்லை, பந்தயமும் அப்படியே நடந்தது. 1910-இல் பிரனீஸ் மலைத்தொடரில், 2,115 மீட்டர் உயரமுள்ள தூர்மலே கணவாய் வழியாக வீரர்களை ஏறவிட்டார். கையில் டிரெய்லியர் இல்லை. பின்சக்கரத்தின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு பல்சக்கரம் இருக்கும். மலையடிவாரத்தில் இறங்கி, சக்கரத்தைக் கழற்றி, திருப்பிப் போட்டு, மறுபடி ஏற வேண்டும்.

1913-இல் அதே மலையில் யூஜின் கிறிஸ்டோஃப் என்ற வீரருக்கு முன்சக்கரம் மாட்டும் ஃபோர்க் உடைந்துவிட்டது. வண்டியைத் தோளில் சுமந்து பல கிலோமீட்டர் நடந்து, ஒரு கிராமத்துக் கொல்லன் பட்டறையை அடைந்தார். பிறர் உதவி கூடாது என்பது விதி. தானே இரும்பைக் காய்ச்சி ஒட்டவைத்தார். துருத்தியை ஊத மட்டும் ஒரு சிறுவன் கைகொடுத்தான். அதற்கும் நேரத் தண்டனை போட்டார்கள்! இதைப் படித்துவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன்.

காரணம் இருக்கிறது. நானும் ஒரு டெக்ராஞ்ச்தான். இரண்டாம் வகுப்பு, மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் விரல் விட்டு எண்ணினால் எனக்கு ஆகாது. மனசுக்குள் கூட்டு என்பேன். அடிஸ்கேலால் விரல்மேல் தட்டியிருக்கிறேன். ஒரு பெண் பிள்ளை கைகளைப் பலகைக்குக் கீழே ஒளித்துவைத்து எண்ணும். விடை ஒவ்வொரு முறையும் சரியாக இருக்கும். எண்ணியதைப் பார்த்துவிட்டேன் என்பதற்காக மதிப்பெண்ணைக் குறைத்தேன். அந்தப் பிள்ளை இந்தப் பதிவையும் படிக்கும் என்று தெரியும். தாயி, அந்த மார்க் உனக்குச் சேர வேண்டியதுதான்.

சரி, கதைக்கு வருகிறேன். பந்தய வீரர்களுக்குக் கிடைக்காத கியரைச் சாதாரண மக்கள் அனுபவித்துக்கொண்டிருந்தார்கள். மலைச் சுற்றுலா போகும் பெண்களும் வயதானவர்களும் ஏறிப்போன வண்டியில் கியர் இருந்தது. வெலோசியோ 1930-இல் டிராம் மோதி இறந்தார். சான்-எத்தியேன் பக்கத்து மலைக்கணவாயில் அவருக்கு நினைவுச்சின்னம் இருக்கிறது. டெக்ராஞ்ச் உடல்நலம் கெட்டு, பொறுப்பை ஜாக் கொதேயிடம் விட்ட பிறகு 1937-இல்தான் டூர் டி பிரான்ஸ் வீரர்களுக்கு டிரெய்லியர் அனுமதி கிடைத்தது. அந்த வருஷம் ஜெயித்தவர் ரொஜே லபெபி. அவர் வண்டியிலும் டிரெய்லியர் இருந்தது.

அதன்பிறகு இத்தாலியில் கம்பனோலோ, ஜப்பானில் ஷிமானோ என்று போகிறது. ஷிமானோ 1921-இல் சகாய் நகரத்தில் தொடங்கியது. கத்தி அடிப்பதற்குப் பேர்போன ஊர். இந்த வரலாற்றில் நமக்கு வேண்டியது ஒரே ஒரு மாற்றம். முன்பெல்லாம் கியர் நெம்புகோலுக்குக் கட்டங்கள் கிடையாது. கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளி, உரசல் நிற்கும் இடத்தில் ஓட்டுபவரே விட்டுவிடுவார். காதுதான் அளவுகோல். 1984-இல் ஷிமானோ பின்பக்க கியருக்கு 'கிளிக்' முறையை உயர்ரகப் பந்தய வண்டியில் கொண்டுவந்தது. ஒரு கிளிக், ஒரு கியர். சில வருஷங்களில் சாதாரண வண்டிக்கும் வந்துவிட்டது. வசதிதான். ஆனால் காதுக்கு வேலை போய்விட்டது. அளவு கொஞ்சம் பிசகினால் ஒவ்வொரு கிளிக்கிலும் பிசகும்; ஓட்டுகிற பிள்ளைக்கு ஏன் என்று தெரியாது.

இனி பேரன் வண்டி. பின்பக்க ஏழு பல்சக்கரங்களும் சேர்ந்து மூன்று சென்டிமீட்டருக்குமேல் அகலம். செயின் எந்நேரமும் நேராக ஓட வழியே இல்லை. முன்னால் பெரிய சக்கரம், பின்னாலும் பெரிய சக்கரம் என்று வைத்தால் கோணல் அதிகம். முன்னால் சிறியது, பின்னாலும் சிறியது என்றாலும் அப்படியே. அந்த இரண்டு ஜோடியைத் தவிர்த்தாலே பாதிச் சத்தம் போய்விடும். அவன் அந்த முதல் ஜோடியில்தான் ஊரெல்லாம் சுற்றியிருக்கிறான்.

மீதிச் சத்தம் முன்பக்க டிரெய்லியரில். இரண்டு தகடுகளுக்கு நடுவே செயின் ஓடுகிறது, தகட்டில் உரசுகிறது. குனிந்து மேலிருந்து பார்த்தேன். தகடு பல்சக்கரத்துக்கு இணையாக இல்லை, கொஞ்சம் திரும்பியிருந்தது. பஸ்ஸில் ஏற்றும்போதோ எப்போதோ இடித்திருக்க வேண்டும். அதைக் கவனிக்காமல் கடையில் திருகுகளை மட்டும் முறுக்கியிருக்கிறார்கள். முதலில் கேபிளைக் கழற்றிவிட்டு, பிடிப்பைத் தளர்த்தி, தகட்டை இணையாக்கினோம். வெளித்தகட்டின் அடிவிளிம்புக்கும் பெரிய சக்கரத்தின் பல் நுனிக்கும் நடுவே ஒரு ரூபாய் நாணயம் நுழையும் இடைவெளி விட்டோம்.

அடுத்து, செயினை முன்னால் சிறியதிலும் பின்னால் பெரியதிலும் போட்டு, எல் என்று பொறித்த திருகைக் கால் சுற்றுக் கால் சுற்றாகத் திருப்பினோம். உள்தகட்டுக்கும் செயினுக்கும் நடுவே அரை மில்லிமீட்டர் வந்ததும் நிறுத்தினோம். அதன்பிறகு கேபிளை இழுத்து மாட்டினோம். கடைசியாக முன்னால் பெரியது, பின்னால் சிறியது. இப்போது எச் திருகு. வெளித்தகட்டுக்கும் செயினுக்கும் அதே அரை மில்லிமீட்டர். நடுச் சக்கரத்தில் கொஞ்சம் உரசியது. கேபிள் முனையில் கையால் திருகும் உருளையை அரைச்சுற்றுத் திருப்பினோம். பேரன் பெடலைச் சுற்ற, நான் கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். "நின்னுருச்சு தாத்தா" என்றான். எனக்கும் அப்படித்தான் கேட்டது. செலவு, சொட்டு எண்ணெய்.

மறுநாள் விடியற்காலை, அவன் தூங்கும்போது வண்டியை எடுத்தேன். முட்டிவலி வந்த பிறகு ரயில்வே மேம்பாலத்தில் இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போவேன். அன்று முன்னால் சிறிய சக்கரம், பின்னால் பெரியது. கால் பரபரவென்று சுற்றுகிறது, வண்டி ஆமைபோல நகர்கிறது, ஆனால் நிற்கவில்லை. பால்காரர் என்னைத் தாண்டிப்போய்த் திரும்பிப் பார்த்தார். உச்சிவரை இறங்காமல் ஏறினேன். வயது 66. டெக்ராஞ்ச் கணக்குப்படி எனக்கு இருபத்தோரு வருஷத்துக்கு முன்பே அனுமதி கிடைத்துவிட்டது.