‘குவைட்’ என்னும் சொல்லின் இரு பொருள்: ஆங்கில அளவடைகளின் வரலாறு

ஒரு பண்பு எவ்வளவு மிகுந்தோ குறைந்தோ காணப்படுகிறது என்பதை உணர்த்தப் பெயரடைக்கு முன் நிற்கும் சொற்களை அளவடைகள் எனலாம்; தமிழில் ‘மிக’, ‘ஓரளவு’, ‘சற்று’ ஆகியவை செய்யும் பணியை ஆங்கிலத்தில் ‘வெரி’, ‘குவைட்’, ‘ராதர்’, ‘பிரிட்டி’ முதலியவை செய்கின்றன. இவற்றுள் சில, இடத்துக்கேற்ப வெவ்வேறு அளவுகளைக் குறித்துப் பயில்வோரைத் தடுமாற வைத்தாலும், அதற்கான காரணம் அச்சொற்களின் வரலாற்றிலேயே கிடைக்கிறது.

இச்சொற்களில் எதுவும் தொடக்கத்தில் அளவைக் குறிக்கவில்லை. பழைய ஆங்கிலத்தில் ‘மிக’ என்னும் பொருளில் வழங்கிய ‘ஸ்வீதே’, ‘வலிமையாக’ என்பதிலிருந்து வந்தது. அது வழக்கொழிந்தபோது அவ்விடத்தைப் பிடித்த ‘வெரி’, பழைய பிரெஞ்சிலிருந்து ‘உண்மையான’ என்னும் பொருளோடு வந்த சொல். ‘முன்னதாக’ என்று பொருள்பட்ட ‘ராதர்’ விருப்பத்தைச் சுட்டும் நிலையைக் கடந்து அளவடையாயிற்று. தந்திரத்தைக் குறித்த ‘பிரிட்டி’ அழகைக் குறிக்கத் தொடங்கி, பின்னர் ‘ஓரளவு’ என்னும் பொருளையும் ஏற்றது. பேசுவோர் தம் கூற்றுக்கு அழுத்தம் தேடி வலுவான சொற்களை ஓயாமல் கையாளுவதால் அவற்றின் வலு தேய்ந்துவிடுகிறது என்பதும், அவ்விடத்தை நிரப்பப் புதுச்சொற்கள் புகுகின்றன என்பதும் இம்மாற்றங்களால் புலப்படும்.

இவ்வரலாற்றில் மிகுந்த கவனத்துக்கு உரியது ‘குவைட்’. ‘அமைதியுற்ற’ என்று பொருள்படும் லத்தீன் சொல், இடைக்கால வழக்கில் கடனிலிருந்தும் கடமையிலிருந்தும் விடுபட்ட நிலையைக் குறித்து, பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்தை அடைந்து, பதினான்காம் நூற்றாண்டில் ‘முற்றிலும்’ என்னும் பொருளில் வினையடையாயிற்று. பாக்கியின்றித் தீர்த்தல் என்னும் கருத்திலிருந்து முழுமை என்னும் பொருள் பிறந்தது இயல்பே. 1755இல் வெளிவந்த சாமுவேல் ஜான்சனின் அகராதியும் அச்சொல்லுக்கு முழுமைப் பொருளையே தருகிறது. அமெரிக்காவில் பின்னர் முழுமைப் பொருளோடு ‘மிக’ என்பதும் சேர்ந்தது. பிரிட்டனிலோ பத்தொன்பதாம் நூற்றாண்டில் ‘ஓரளவு’ என்னும் மெலிந்த பொருள் வேரூன்றியது.

பழைய பொருள் அழியாமல் புதியதும் உடன் நிலைத்ததற்கு, அடுத்து வரும் பெயரடையின் இயல்பே காரணம். ‘காலியான’, ‘இயலாத’ போன்றவற்றுக்கு எல்லை உண்டு. ஒரு கூடம் காலியாக இருப்பதற்கு அப்பால் மேலும் காலியாக முடியாது என்பதால், ‘குவைட் எம்ப்டி’ என்னுமிடத்தில் ‘முற்றிலும்’ என்ற பொருள் உறுதியாக நிற்கிறது. ‘நல்ல’ என்பதற்கு அத்தகைய எல்லை இல்லை. ஆகவே ‘குவைட் குட்’ என்னும்போது முழுமைப் பொருள் பொருந்தாமல், அமெரிக்கர் பெரும்பாலும் ‘மிக நன்று’ என்றும், பிரிட்டிஷார் ‘ஓரளவு நன்று’ என்றும் கொள்கின்றனர். கட்டுரையின் அடியில் பிரிட்டிஷ் ஆசிரியர் எழுதும் இவ்விரு சொற்கள் அமெரிக்க மாணவருக்குப் பாராட்டாகவே படக்கூடும். எதிர்மறையில் வரும் ‘நாட் குவைட்’ என்பதிலோ பழைய பொருளே நீடித்து, ‘முழுமையாக இல்லை’ என உணர்த்துகிறது.

அழுத்துவனவும் தணிப்பனவுமாகிய இச்சொற்களை மொழி ஆய்வாளர் ஸ்டோஃபல் 1901இல் தனி நூலாக ஆராய்ந்தார். 1972இல் மொழியியலாளர் டுவைட் போலிஞ்சர் அளவுச் சொற்களைப் பற்றி விரிவாக எழுதினார். அளவடையின் பொருள் அச்சொல்லுக்குள் மட்டும் அடங்கியதன்று. துணைநிற்கும் பெயரடை, எழுதப்பட்ட காலம், பேசுவோரின் நாடு ஆகிய மூன்றையும் சேர்த்து நோக்குபவருக்கே அது சரியாக விளங்கும்.