பெஸ் நகரின் விருந்தினர் மனைகள்: ஒரு சமூக வரலாற்று நோக்கு

மொரோக்கோவின் பழைய நகரான பெஸ்ஸிலே பயணிகள் இன்று விரும்பித் தங்கும் சிறு மனைகள் 'ரியாத்' எனப்படுகின்றன. தெருப்புறம் சாளரம் அரிதான உயர்ந்த சுவர். உள்ளே மரங்களும் நீர்த்தொட்டியும் கொண்ட முற்றம். அதனைச் சூழ அறைகள். இவை பண்டைய விடுதி மரபின் தொடர்ச்சி எனக் கருதுவது பொருந்தாது. அந்நகரில் வெளியூர் வணிகரின் தங்குமிடம் 'புந்துக்' ஆகும். அதன் கீழ்த்தளத்தில் பொதிவிலங்குகளும் சரக்கும், மேல்தளத்தில் வணிகரும் இடம்பெற்றனர். 18ஆம் நூற்றாண்டின் நஜ்ஜாரின் புந்துக் இதற்குச் சான்று. ரியாத்தோ செல்வர் இல்லம். அந்நியர் பார்வையினின்று குடும்பத்தைக் காத்தது அதன் சுவர்.

இல்லம் விடுதியானது எவ்வாறு? 1912இல் பிரான்சின் காப்பாட்சி ஏற்பட்டபின், வதிவிட ஆளுநர் லியோத்தேயும் நகரத் திட்டவியலாளர் ஹென்றி புரொஸ்ட்டும் பழைய நகரங்களைப் பெரிதும் தொடாது, அவற்றின் புறத்தே ஐரோப்பியர்க்குப் புதுநகர்களை அமைத்தனர். பேணுதல் என்ற பெயரில் நிகழ்ந்தது பிரித்தலே. 1956இல் சுதந்திரம் கிடைத்தது. வசதிபடைத்தோர் புதுநகர் நோக்கிப் பெயர்ந்தனர். அவர்கள் நீங்கிய மனைகளிலே கிராமத்து வறியோர் பலகுடும்பமாய் நெருங்கி வாழ்ந்தனர். 1981இல் பெஸ் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது. 1990களின் பின்னர் வெளிநாட்டாரும் உள்நாட்டுச் செல்வரும் இம்மனைகளை வாங்கி விடுதிகளாக்கலாயினர்.

இதனால் ஓட்டுக்கோலம், மரச்செதுக்கு ஆகிய கைவினைகள் புத்துயிர் பெற்றமை மறுத்தற்கில்லை. ஆயினும் அக்கோலத்தைப் பதிக்கும் கைவினைஞன் அம்முற்றத்தைச் சூழ வாழவியலாதாயின், காக்கப்பட்டது சுவரேயன்றி நகரன்று.