இந்நேரத்துக்கு எங்கே?

தெருவில் தனியாகப் போகிற பெண் யார் என்ற சந்தேகத்தை பிரிட்டன் 1864இல் சட்டமாகவே எழுதியது. தொற்றுநோய்ச் சட்டம் என்று பெயர். படைமுகாம் ஊர்களில், பாலியல் தொழிலாளி என்று போலீஸ் சந்தேகித்தால் போதும். அந்தப் பெண்ணை மருத்துவச் சோதனைக்கு அனுப்பலாம். சிப்பாய்களுக்குச் சோதனை கிடையாது. 1868இல் அதே பெயரில் இங்கேயும் ஒரு சட்டம் வந்தது.

1977இல் யார்க்‌ஷயரில் பெண்கள் அடுத்தடுத்துக் கொல்லப்பட்டபோது, இரவில் வீட்டில் இருங்கள் என்று பெண்களுக்குத்தான் சொன்னார்கள். லீட்ஸ் பெண்கள் நவம்பர் 12 இரவு கூட்டமாகத் தெருவில் இறங்கி நடந்தார்கள்.

நம் 1948 தொழிற்சாலைச் சட்டத்தின் 66ஆம் பிரிவு, இரவு 7 முதல் காலை 6 வரை ஆலைகளில் பெண்கள் வேலை செய்யக் கூடாது என்றது. பாதுகாப்பாம்! சென்னை உயர் நீதிமன்றம் 2000இல் அந்தத் தடையை நீக்கியது, வண்டி, காவல் என்று நிபந்தனைகளோடு. வேலைக்காக இரவில் வெளியே இருக்கலாம் என்றாயிற்று. வேலையே இல்லாமல்?

நாமகிரிப்பேட்டையில் பத்து மணிக்கு மேல் ஆத்தூர் சாலையில் வேகமாக நடப்பேன். பைக்கை நிறுத்தி, "ஏனுங்க அம்மிணி, ஊட்டுல சண்டைங்களா?" என்பார்கள். சர்க்கரை என்றால் உடனே தலையாட்டிவிட்டுப் போகிறார்கள். எனக்குச் சர்க்கரை இல்லை. மஞ்சள் மண்டி மூடிய பிறகு லாரி குறைவு, காற்று நன்றாக இருக்கும். நடக்கிறேன்.