ஆயுள் என்பது எத்தனை ஆண்டு?

1908ஆம் ஆண்டு யூலை 7ஆம் நாள், திருநெல்வேலி நீதிமன்றத்தில் பின்ஹே என்னும் ஆங்கில நீதிபதி வ. உ. சிதம்பரம்பிள்ளைக்குத் தீர்ப்பு வழங்கினார். இராசத்துரோகத்திற்கு ஓர் ஆயுள் தண்டனை. சுப்பிரமணிய சிவாவுக்கு உடந்தையாயிருந்தமைக்கு மற்றுமோர் ஆயுள் தண்டனை. தூத்துக்குடிக்கும் நமது கொழும்புக்குமிடையே சுதேசிக் கப்பலோட்டி, வெள்ளைக் கம்பெனியின் இலாபத்திலே கைவைத்த அம்மனிதருக்கு அப்போது வயது 35. இரண்டு ஆயுளையும் கூட்டி 40 ஆண்டு என்று நாடு கணக்கிட்டது. அடுத்த மூன்றாண்டுகளுக்குள் பம்பாயில் சாவர்க்கருக்கும் இரண்டு ஆயுள் தண்டனைகள் விதிக்கப்பட்டன. அங்கே கூட்டுத்தொகை 50 ஆண்டு!

ஒரே சாம்ராச்சியம், ஒரே சட்டநூல். ஆனால் ஆயுளின் நீளமோ திருநெல்வேலியில் 20, பம்பாயில் 25. ஒரு மனிதனுக்கு ஆயுள் ஒன்றுதானே, அதை எவ்வாறு இருமுறை விதிப்பது என்ற கேள்வி சாமானியனுக்கு எழுந்தது. சட்ட அறிஞருக்கு எழவில்லை.

இந்தக் குழப்பத்தின் வேரை அறிய வேண்டுமாயின், 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்தைப் புரட்டிப் பார்த்தல் வேண்டும். அதில் இருந்தது ஆயுட்சிறை அன்று. ஆயுள் முழுவதற்குமான நாடுகடத்தல். நம் மூத்தோர் அதனைத் 'தீவாந்தர சிட்சை' என்றனர். கடல் கடந்தவன் திரும்பிவரான் என்ற அச்சமே அதன் பலம். ஆயினும் அச்சமூட்டுவது மட்டும் ஆட்சியாளரின் நோக்கமாக இருக்கவில்லை. காடழிக்கவும் பாதை போடவும் கூலியில்லாக் கைகள் வேண்டியிருந்தன. இந்தியக் கைதிகளின் உழைப்பினாலேயே சிங்கப்பூரின் புனித அந்திரேயர் பேராலயம் எழுந்தது. 1857 கிளர்ச்சி வெடித்த மறு ஆண்டே அந்தமானில் கைதிக் குடியேற்றம் தொடங்கிற்று. 1896 முதல் 1906 வரை அங்கே தனிச்சிறைக் கூடத்தைக் கட்டியவர்களும் கைதிகளே. தம்மை அடைக்கும் சுவரைத் தாமே எழுப்பினார்கள்.

அவ்வாறாயின் 20 என்ற எண் எங்கிருந்து வந்தது? குற்றஞ்செய்ய முயன்று நிறைவேற்றாதவனுக்கு முழுத் தண்டனையிற் பாதி என்று அதே சட்டம் விதித்தது. 10 ஆண்டிற் பாதி 5. ஆயுளிற் பாதி எவ்வளவு? யமனைக் கேட்டாலன்றி விடை கிடையாது. ஆகவே பின்னக் கணக்குப் போடுவதற்காக மட்டும் ஆயுளை 20 ஆண்டாகக் கொள்க என்று 57ஆம் பிரிவு கூறிற்று. கணக்குப்பிள்ளையின் வசதிக்காக எழுதிய எண்ணைச் சிறைக்குள் இருந்தவன் தன் விடுதலை நாளாக நம்பினான்.

சிதம்பரனாரின் தண்டனை மேன்முறையீட்டிற் குறைக்கப்பட்டது. கோயம்புத்தூர்ச் சிறையிலே செக்கிழுத்து, கண்ணனூர்ச் சிறையிலும் கிடந்து, 1912 திசெம்பரில் அவர் வெளியே வந்தார். 40 ஆண்டு நாலரை ஆண்டாயிற்று. எனினும் கப்பற் கம்பெனி கலைந்திருந்தது. வழக்கறிஞர் தொழிலும் பறிக்கப்பட்டிருந்தது. சென்னையிலே கடை வைத்துப் பிழைக்க முயன்ற அவரது வறுமையையும் சேர்த்தெண்ணினால், அத்தண்டனை 1912இல் முடிந்ததென்று யார் சொல்வார்?

சுதந்திர இந்தியா 1956 சனவரி முதல் நாடுகடத்தலை நீக்கி ஆயுட்சிறையை அதன் இடத்தில் வைத்தது. சொல் மாறிற்று, மயக்கம் மாறவில்லை. காந்தியடிகள் கொலைவழக்கில் 1949இல் தண்டிக்கப்பட்ட கோபால் கோட்சே, நன்னடத்தைக் கழிவுகளையும் சேர்த்தால் தனக்கு 20 ஆண்டு நிறைவாயிற்று என வாதாடினார். 1961இல் உச்சநீதிமன்றம் தெளிவாக விடையளித்தது: ஆயுட்சிறை என்பது மரணம் வரையிலான சிறை; அதனைக் குறைப்பது அரசின் விருப்பம்; கைதிக்கு அதில் உரிமையில்லை. மரணம் வரை என்று கூறப்பட்ட அதே கைதியை 1964இல் அரசு விடுதலை செய்தது.

ஊரார் வாயில் வழங்கும் 14 ஆண்டு என்பதும் இத்தகையதே. கைகேயி இராமனுக்குக் கேட்ட காலமும் அதுவாகையால் அந்த எண் நம் மனத்தில் எளிதாகப் பதிகிறது. ஆனால் 1978இல் இயற்றப்பட்ட திருத்தம் சொல்வது வேறு. மரணதண்டனைக்குரிய குற்றத்திற்காக ஆயுட்சிறை பெற்றவனை 14 ஆண்டுக்கு முன்னர் விடலாகாது என்பதே அது. 14 என்பது கதவைத் தட்டக்கூடிய நாள். கதவு திறக்கும் நாள் அன்று.

அரசியலமைப்பு ஆளுநருக்கு அளிக்கும் மன்னிப்பதிகாரமோ இந்த 14க்கும் கட்டுப்படாதது. 2008இல் அறிஞர் அண்ணாவின் நூற்றாண்டையொட்டி, 7 ஆண்டு சிறையிருந்த ஆயுட்கைதிகள் ஆயிரத்துக்கு மேற்பட்டோரைத் தமிழக அரசு விடுவித்தது. ராசீவ் காந்தி கொலைவழக்கின் எழுவருக்கு அக்கதவு திறக்கவில்லை. 1991இல் நடந்த அக்கொலையின் கொடுமையை எவரும் மறுப்பதற்கில்லை. எழுவரும் முதலில் தூக்குத்தண்டனை பெற்றுப் பின்னர் ஆயுட்கைதிகளானவர்கள் என்பதும் உண்மை. ஆயினும் அவர்களை விடுவிக்கலாம் என்று 2018இல் தமிழக அமைச்சரவை பரிந்துரைத்த பின்னரும் தாள்கள் ஆண்டுக்கணக்காக மேசையிலே கிடந்தன. 2022இல் உச்சநீதிமன்றம் தலையிட்டபோது 31 ஆண்டு உருண்டோடியிருந்தது.

அவ்வெழுவரில் நால்வர் நம் நாட்டவர். விடுதலைத் தீர்ப்பு அவர்களை வீட்டுக்கு அனுப்பவில்லை. திருச்சிச் சிறப்பு முகாமுக்கே அனுப்பிற்று. அவர்களுள் ஒருவரான சாந்தன் ஊர் திரும்பும் அனுமதிக்காகக் காத்திருந்து, அது கைக்கெட்டிய வேளையில், 2024 பெப்ருவரி 28ஆம் நாள் சென்னை ஆசுப்பத்திரியில் இறந்தார். யாழ்ப்பாணத்திலே காத்திருந்த தாயிடம் உடல் மட்டுமே வந்து சேர்ந்தது. அவர் பெற்ற தண்டனை எத்தனை ஆண்டு என்று அந்தத் தாய் கேட்டால் எந்தச் சட்டநூலைக் காட்டுவது?

ஏழு, பதினான்கு, இருபது, முப்பத்தொன்று: இவற்றுள் எதுவும் குற்றத்தின் எடையை மட்டும் கொண்டு அளந்த எண் அன்று. யார் ஆட்சியிலிருந்தார், யாருடைய விழா வந்தது, யாருக்காகப் பேச ஆளிருந்தது என்பவையும் சேர்ந்தே ஆயுளை அளந்திருக்கின்றன. பேச ஆளற்ற ஏழைக் கைதியின் ஆயுள்தான் உண்மையில் ஆயுளாகவே நீள்கிறது. முடிவுநாள் தெரியாத அவனது காத்திருப்பு எந்த நீதிபதியும் தீர்ப்பில் எழுதாத இரண்டாவது தண்டனையாகும்.

குற்றவாளிக்கு இரங்கு என்று நாம் கேட்கவில்லை. எப்போது அவன் மனு கேட்கப்படும், எந்த அளவுகோலால் தீர்மானிக்கப்படும், மறுத்தால் காரணம் என்ன என்பன எழுத்திலே, எல்லோருக்கும் ஒன்றாக, கால எல்லையோடு இருத்தல் வேண்டும். அரசனின் பிறந்தநாளுக்குச் சிறைக்கதவு திறந்த காலம் மலையேறிவிட்டதென்று நாம் நம்பினால், அந்த நம்பிக்கையைச் சட்டத்திலே எழுதிவைப்போம்.