பல்லடத்தில் வீடு கட்டப் போறீங்களா? 1,200 சதுர அடியா, 800 போதுமா... இந்தக் கணக்கைப் பார்த்துட்டு முடிவு பண்ணுங்க!

"ஒரு தடவைதானே கட்டுறோம், கொஞ்சம் பெருசாவே கட்டிடலாம்..." வீடு கட்டும் பேச்சை எடுத்ததும் எல்லா வீட்டிலும் வரும் வார்த்தை இது. ஆனால், விசைத்தறியும் பனியன் கம்பெனியும் சோறு போடும் பல்லடம் பகுதியில், வீட்டின் அளவை முடிவு செய்யும் முன் வருமானத்தையும் கொஞ்சம் யோசிக்கணும். ஏன் என்று பார்க்கலாம்.

வருமானம் குறையும், தவணை குறையாது

கூலி உயர்வு கேட்டு விசைத்தறியாளர்கள் நடத்திய வேலைநிறுத்தத்தால், 2022லும் 2025லும் கோவை, திருப்பூர் மாவட்டங்களில் வாரக்கணக்கில் தறிகள் நின்றன. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருட்களுக்கான வரியை 50 சதவீதமாக உயர்த்தியபோது திருப்பூரின் ஏற்றுமதி ஆர்டர்கள் ஆட்டம் கண்டன. வேலை குறைஞ்சா வாரச் சம்பளமும் குறையும். ஆனால் வங்கித் தவணை அதே தேதியில் போயாகணும்.

எவ்வளவு வித்தியாசம்?

சொந்த மனை இருக்கு, கட்டுறதுக்கு மட்டும் கடன் என்று வைத்துக்கொள்வோம். சதுர அடிக்கு 2,500 ரூபாய் செலவானால், 1,200 சதுர அடிக்கு 30 லட்சம். 800 சதுர அடிக்கு 20 லட்சம். 9 சதவீத வட்டி, 20 ஆண்டு என்றால்:

* 30 லட்சம் கடனுக்கு மாதத் தவணை: சுமார் 27,000 ரூபாய்
* 20 லட்சம் கடனுக்கு: சுமார் 18,000 ரூபாய்

மாதம் 9,000 ரூபாய் மிச்சம். 20 ஆண்டில் கிட்டத்தட்ட 21.6 லட்சம். அதாவது, கூடுதலாக வாங்கும் 10 லட்சத்துக்கு இரண்டு மடங்குக்கும் மேல் திருப்பிக் கட்டுறோம்.

சொத்து வரியிலும் லாபம்

சொத்து வரி பரப்பளவை வைத்துத்தான் கணக்கிடப்படுகிறது. 2022ல் தமிழக அரசு வரியை உயர்த்தியபோதும் அளவுதான் அடிப்படை. பல்லடம் போன்ற நகராட்சிகளில் 600 சதுர அடிக்குள் இருக்கும் வீடுகளுக்கு 25 சதவீதம், 1,200 வரை 50 சதவீதம், 1,800 வரை 75 சதவீதம், அதற்கு மேல் 100 சதவீதம் உயர்வு.

மத்திய அரசு மானியம் யாருக்கு?

2024ல் தொடங்கிய நகர்ப்புற பிரதமர் வீட்டு வசதித் திட்டம் 2.0ல் வட்டி மானியம் உண்டு. ஆண்டு வருமானம் 9 லட்சத்துக்குள் இருக்கணும். நாட்டில் எங்கும் சொந்தமாக கான்கிரீட் வீடு இருக்கக் கூடாது. கடன் 25 லட்சத்தையும், வீட்டு மதிப்பு 35 லட்சத்தையும் தாண்டக் கூடாது. தகுதி இருந்தால் 1.80 லட்சம் ரூபாய் வரை 5 தவணைகளாகக் கிடைக்கும். மேலே சொன்ன 30 லட்சம் கடன் இந்த வரம்பைத் தாண்டிடும். 20 லட்சம் தாண்டாது.

ரொம்பவும் சுருக்கணுமா?

தேவையில்லை. ஊரகப் பகுதிகளுக்கான கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் ஒரு வீட்டின் அளவு 360 சதுர அடி. 800 சதுர அடியில் ஹால், சமையலறை, இரண்டு படுக்கையறை தாராளமாக அமையும். வீட்டில் தையல் மெஷின் போட்டிருக்கீங்க, செக்கிங் வேலை எடுத்துச் செய்றீங்க என்றால் அதற்கான இடத்தையும் பிளானிலேயே ஒதுக்கிடுங்க. பிள்ளைகள் வளர்ந்த பிறகு இடம் பத்தாது என்ற கவலை இருந்தால், மாடி தாங்கும் அளவுக்கு அஸ்திவாரம், தூண்கள், படிக்கட்டுக்கு இடம் ஆகியவற்றை இப்பவே செஞ்சுக்கலாம். இதற்குக் கொஞ்சம் கூடுதல் செலவாகும். ஆனால் மாடியை கையில் காசு வரும்போது கட்டிக்கலாம்.

கட்டுமுன் செய்ய வேண்டியது

இன்ஜினியரைப் பார்க்கும் முன், கடந்த இரண்டு வருஷத்தில் வீட்டுக்கு மிகக் குறைவாக வருமானம் வந்த மாதம் எது என்று பாருங்க. அந்த மாதத்திலும் கைமாத்து வாங்காமல் தவணை கட்ட முடியும் என்றால், அதுதான் உங்களுக்கு ஏற்ற கடன். அந்தக் கடனுக்குள் அடங்குவதே உங்களுக்கு ஏற்ற வீடு.