நீரின் மேல் ஒரு மெல்லிய போர்வை

1956 நவம்பர் 1ஆம் நாள் மாநில எல்லைகள் திருத்தப்பெற்றபோது, விளவங்கோடு வட்டம் தமிழகத்தோடு சேர்ந்தது. நெய்யாற்றின்கரையும் பாறசாலையும் கேரளத்தில் நின்றன. 1958இல் எழுந்த நெய்யாறு அணையின் இடதுகரைக் கால்வாய் எல்லையின் இருபுறத்து வயல்களையும் நனைத்தது. 2004இல் தமிழகத்துக்கு வரும் நீர் நின்றது. 2012இல் தமிழக அரசு உச்ச நீதிமன்றத்தை நாடியது. மதகின் வழியே போகும் நீருக்கு வழக்குண்டு. வெயில் குடிக்கும் நீருக்கோ கேட்பாரில்லை. அந்த இழப்பைத் தடுக்க முயன்றோரின் வரலாற்றைச் சற்றே காண்போம்.

பெஞ்சமின் ஃபிராங்க்ளின் லண்டனையடுத்த கிளாப்பம் குளத்தில் ஒரு தேக்கரண்டி எண்ணெய் வார்த்தார். அரை ஏக்கர் பரப்பு அலையடங்கிற்று. 1774இல் அச்செய்தி அச்சேறியது.

அப்படலம் கண்ணுக்குப் புலப்படாது. அதை உணர்த்தியது நம் வீட்டுப் பொருளாகிய கர்ப்பூரமே. தூய நீரில் இட்ட கர்ப்பூரத் துணுக்கு சுழன்றாடும். எண்ணெய் போதிய அளவு பரவியதும் அசைவற்று நிற்கும். ராலே பிரபு 1890இல் இதைக் கொண்டே படலத்தின் கனத்தை மதிப்பிட்டார். மறு ஆண்டே, கல்லூரி வாசல் மிதியாத ஜெர்மானியப் பெண்மணி ஆக்னஸ் பொக்கெல்ஸ், தம் சமையலறையில் செய்த சோதனைகளை அவர் உதவியால் வெளியிட்டார். அப்படலம் ஒரே மூலக்கூற்றின் கனமுடையது என்பதை லாங்மியூர் 1917இல் விளக்கினார். அது நீர் ஆவியாவதைத் தடுக்கும் என்பதை ரைடீல் 1925இல் காட்டினார். ஆஸ்திரேலியாவின் மான்ஸ்ஃபீல்டு, செட்டைல் ஆல்கஹால் என்னும் மெழுகு போன்ற பொருளை நீர்த்தேக்கங்களில் பரப்பிப் பார்த்து, 1955இல் முடிவுகளை வெளியிட்டார்.

ஆய்வகத் தொட்டியில் கிடைத்த பயன் திறந்த ஏரியில் பெரிதும் குறைந்தது. காற்று படலத்தைக் கரையில் ஒதுக்கிற்று, அலை கிழித்தது, நுண்ணுயிர்கள் தின்றன. ஆகவே, போர்வை இருக்கிறதா என்று இடையிடையே அறிய வேண்டியதாயிற்று. சிற்றலையற்ற வழவழப்பான பரப்பு ஓர் அடையாளம். குறிகாட்டி எண்ணெயின் ஒரு துளி மற்றொன்று: படலம் இறுக்கமாயிருந்தால் துளி திரண்டே நிற்கும், தளர்ந்திருந்தால் பரவிவிடும்.

2017 ஏப்ரலில் வைகை அணையில் ஆவியாதலைத் தடுக்கத் தெர்மோகோல் தகடுகள் மிதக்கவிடப்பட்டன. காற்று அவற்றையும் கரையில் ஒதுக்கியது. பொருள் வேறு; பகைவன் ஒருவனே.

பிறமாநிலங்களில் வாழும் நேயர்களே! நீர்ப்பங்கீடு நீதிமன்றத்தில் முடிவாகட்டும். வெயில் கொள்ளும் பங்கு எல்லைக்கு அப்பாலுள்ளோருக்கும் இப்பாலுள்ளோருக்கும் ஒருசேர இழப்பு. அதைக் காப்பது இருவர்க்கும் பொதுக் கடமை.