ஆளுக்கொரு கணிப்பொறி

செஞ்சிக்கும் விழுப்புரத்துக்கும் இடையே மண்டகப்பட்டு என்ற சிற்றூர் இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதலாம் மகேந்திரவர்மன் அங்கே குன்றைக் குடைந்து ஒரு கோயில் அமைத்தான். செங்கல், மரம், உலோகம், சுதை எதுவுமின்றி இதை ஆக்கியதாக அங்குள்ள கல்வெட்டு பெருமையோடு கூறுகிறது. ஆனால் அக்காலக் குடைவரைகளின் தூண்களையும் போதிகைகளையும் உற்றுப் பாருங்கள். மரக் கட்டடத்தின் வடிவமே கல்லிலும் தொடர்வதைக் காணலாம். பாறைக் கூரைக்குப் போதிகை தேவையில்லை. பழகிய கை அதையே செதுக்கியது. புதிய பொருள் கிடைத்தவுடன் புதிய சிந்தனையும் பிறந்துவிடுவதில்லை. கணிப்பொறி வகுப்பறைக்குள் நுழைந்த வரலாறும் இப்படிப்பட்டதுதான்.

1960களில் கணிப்பொறி என்பது ஓர் அறையையே அடைத்துக்கொள்ளும் இயந்திரம். அமெரிக்காவில் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் பேட்ரிக் சப்பீஸ் அதைக் கொண்டு சிறுவர்களுக்குக் கணக்குப் பயிற்சி அளித்தார். பொறி கேள்வி கேட்கும். மாணவன் விடையைத் தட்டுவான். சரியா தவறா என்று பொறி சொல்லும். பழைய வாய்ப்பாட்டு வகுப்புதான். வாத்தியார் மட்டும் மாறினார்!

இதைத் தலைகீழாக்க முயன்றவர் சீமோர் பேப்பர்ட். அவரும் வாலி ஃபூர்சைக், சிந்தியா சாலமன் ஆகியோரும் 1967-ல் 'லோகோ' என்ற கணிப்பொறி மொழியை உருவாக்கினர். இதில் கட்டளையிடுபவன் மாணவன். கேட்டு நடப்பது ஓர் 'ஆமை'. "100 அடி முன்னே போ, 90 பாகை வலப்புறம் திரும்பு" என்பதை 4 முறை செய்யச் சொன்னால் ஆமை ஒரு சதுரம் வரையும். ஒழுங்கான ஐங்கோணம் வரைய எத்தனை பாகை திரும்ப வேண்டும்? 108 என்கிறீர்களா? 5 பக்கமும் வரைந்த பிறகும் உருவம் மூடாது. ஆமை ஒரு முழுச் சுற்று சுற்றி வர 360 பாகை திரும்ப வேண்டும் அல்லவா? அதை ஐந்தால் வகுங்கள், 72 பாகை. உங்கள் தவறை யாரும் அதட்டிச் சொல்லவில்லை, படமே காட்டிவிட்டது.

பேப்பர்ட்டின் பணியை 1968-ல் நேரில் கண்டவர் ஆலன் கே. குறிப்பேட்டின் அளவில், 4 பவுண்டுக்கும் குறைந்த எடையில், ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு கணிப்பொறி வேண்டும் என்று அவர் 1972-ல் ஒரு கட்டுரை எழுதினார். அன்று அப்படியொரு பொறியைச் செய்ய எவராலும் இயலாது.

இந்தியப் பள்ளிகளுக்குக் கணிப்பொறி 1984-ல் 'கிளாஸ்' என்ற திட்டத்தின் வழியாக வந்தது. முதலில் தேர்ந்தெடுத்த பள்ளிகள் 250. கொடுத்தவை பிபிசி மைக்ரோ பொறிகள். அவற்றின் நினைவகம் 32 கிலோபைட். ஆளுக்கொன்று என்பது கனவில் மட்டுமே.

2005-ல் நிக்கோலஸ் நெக்ரோபாண்டே, 100 டாலரில் பிள்ளைக்கொரு மடிக்கணினி என்று அறிவித்தார். 2007-ல் பொறி வந்தபோது விலை ஏறக்குறைய இரு மடங்காகியிருந்தது. உருகுவே நாடு 2009-க்குள் அரசுத் தொடக்கப் பள்ளி மாணவர் அனைவருக்கும் அதைக் கொடுத்தது. பெரு நாட்டில் 319 கிராமப் பள்ளிகளில் நடந்த ஆய்வின் முடிவு 2012-ல் வெளிவந்தது. கணக்கிலும் மொழியிலும் மதிப்பெண் உயரவில்லை! பொறியைப் பாடத்தோடு இணைக்கும் வழி ஆசிரியருக்குத் தெளிவாகக் காட்டப்படவில்லை என்பது ஒரு காரணம்.

நெக்ரோபாண்டேயின் திட்டத்தை இந்திய அரசு 2006-ல் ஏற்கவில்லை. தமிழ்நாடு தன் வழியில் சென்றது. 2011 செப்டம்பர் 15 அன்று திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில் முதலமைச்சர் ஜெயலலிதா விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கினார். அரசு, அரசு உதவி பெறும் மேல்நிலைப் பள்ளிகள், கல்லூரிகள் ஆகியவற்றின் மாணவர்கள் பெற்றவை 50 லட்சத்துக்கும் மேல். எத்தனையோ குடிசைகளில் அதுவே முதல் கணிப்பொறி. 2020-ல் பெருந்தொற்றை ஒட்டித் திட்டம் நின்றது. பிறகு 2025 மார்ச்சில், கல்லூரி மாணவர் 20 லட்சம் பேருக்கு இரண்டு ஆண்டுகளில் மடிக்கணினியோ கைக்கணினியோ தரப்படும் என்று வரவுசெலவுத் திட்டத்தில் அறிவிப்பு வந்தது.

பொறி கொடுப்பது எளிதன்று; வசதியில்லாத வீட்டுப் பிள்ளையின் கையிலும் அதைச் சேர்த்தது பெரிய காரியம். ஆனால் பாடமும் தேர்வும் பழையபடியே இருந்தால், மடிக்கணினி திரைப்படம் பார்க்கும் பெட்டியாகவே நின்றுவிடும். அதற்கு மாணவனை மட்டும் குறை கூறலாமா? அந்தப் பொறியால்தான் செய்ய முடிகிற ஒரு வேலையை ஆசிரியர்களாகிய நாம் கொடுக்க வேண்டாமா?

ஒன்று சொல்லுகிறேன். தனி ஊசலின் அலைவு நேரத்துக்குப் பாடநூல் தரும் வாய்பாடு சிறு கோணத்துக்கே பொருந்தும். 60 பாகைக்கு இழுத்துவிட்டால் என்ன ஆகும்? காகிதத்தில் கணக்கிடுவது கடினம். ஆனால் நூறில் ஒரு வினாடிக்கு ஊசல் எவ்வளவு நகரும் என்று கண்டு, அதைப் படிப்படியாகக் கூட்டிப் போகும்படி பத்துப் பதினைந்து வரிகளில் கட்டளை எழுதலாம். அலைவு நேரம் ஏறக்குறைய 7 விழுக்காடு கூடுவதைப் பொறி காட்டும். பிறகு ஒரு கல்லையும் நூலையும் எடுத்து, அது உண்மைதானா என்று நீங்களே அளந்து பாருங்கள்.